கட்டிலருகே உட்காரக் கற்பது: ஆன்மிகத் துணைப் பணிக்கு எங்கிருந்து தொடங்குவது?

2024 பிப்ரவரி 4 — செபராங் பிறை வாசகரின் கேள்வி

தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த ஆண்டு என் அண்ணன் புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவரைப் பார்க்க ஒரு பெண்மணி வாரம் தவறாமல் வந்து போவார். அவர் வந்து போன பிறகு அந்தப் பெரியவர் நிம்மதியாக உறங்குவதைப் பலமுறை பார்த்தேன். அப்படி ஒரு பணியை நம்மவர்களுக்குச் செய்ய விரும்புகிறேன். தேவாரமும் திருவாசகமும் எனக்கு மனப்பாடம்; குரலும் நன்றாகவே இருக்கும். விசாரித்தால் ‘சாப்ளின்’ என்கிறார்கள், பயிற்சி என்கிறார்கள். பக்தியும் இரக்கமும் உள்ளவனுக்கு இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது? படிக்கத்தான் வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பிப்ரவரி 5, காலை

ஐயா, பினாங்குத் தீவில் பதினொரு ஆண்டுகளாகத் தன்னார்வலராக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். படிக்க நிறைய இருக்கிறது. நோயாளியைப் பற்றிப் படிப்பதைவிட உங்களைப் பற்றிப் படிக்க வேண்டியதே அதிகம். அது எப்படி என்பதை அடுத்தடுத்து எழுதுகிறேன். முதலில் பணி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அர்ச்சகர், பாதிரியார், உஸ்தாஸ், பிக்கு ஆகியோர் தத்தம் சமயத்தின் சார்பில் வருகிறார்கள். பூசை செய்வதும் ஆசி வழங்குவதும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் கேள்விப்பட்ட ‘சாப்ளின்’, அதாவது ஆன்மிகத் துணையாளர், நுழையும் வார்டிலோ, சைவரும் இஸ்லாமியரும் பௌத்தரும் கத்தோலிக்கரும், எந்தச் சாமியையும் கும்பிடாதவரும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள். அவர்களில் யாரிடம் போய் உட்கார்ந்தாலும், அந்த ஒருவர் எதைப் பற்றிக்கொண்டு இத்தனை நாள் வாழ்ந்தார், இப்போது அந்தப் பிடி இறுக்கமாக இருக்கிறதா தளர்ந்துவிட்டதா என்பதை அவரோடு சேர்ந்து பார்ப்பதுதான் வேலை.

இதை மருத்துவத்தோடு பிணைத்தவர்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்து, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தைத் திறந்தவர். வலி எங்கே என்று அவர் ஒரு நோயாளியைக் கேட்டபோது, முதுகில் தொடங்கியது, இப்போது என்னில் எல்லாமே கெட்டுப்போனதுபோல் இருக்கிறது என்ற பொருளில் அந்த அம்மா பதில் சொன்னாராம். உடல், மனம், குடும்பமும் பணமும் பற்றிய கவலை, ஆன்மா ஆகிய நான்கும் பின்னிக் கிடப்பதை ‘முழு வலி’ என்று சாண்டர்ஸ் பெயரிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தந்த விளக்கத்திலும் ஆன்மிகச் சிக்கல்கள் இடம்பெற்றிருக்கின்றன.

சென்ற மாதத் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் நான் பார்த்த ஒரு பெரியவருக்கு மருந்தின் அளவைக் கூட்டியும் இரவில் உறக்கம் வரவில்லை. மூன்றாவது சந்திப்பில்தான், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு நான்கு ஆண்டுகளாக எடுக்காமல் இருப்பதைச் சொன்னார். பேரன் தனக்காக எடுத்தால் செல்லுமா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் குடும்பத்தாருக்குப் பழக்கமான குருக்களை வரவழைத்துக் கேட்கச் சொன்னோம். அதன் பிறகு மருந்தே தேவைப்படவில்லை என்று எழுதினால் அது பொய். மருந்து அதே அளவில் தொடர்ந்தது. இரவில் மட்டும் தூங்கினார்.

பிப்ரவரி 5, இரவு

‘சாப்ளின்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தம் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர் தூர் நகரத்துப் புனித மார்ட்டின். பிற்காலத்தில் அந்த அங்கியைப் பாதுகாத்த குருமார்களுக்கு வழங்கிய பெயரே இன்று இச்சொல்லாக வழங்குகிறது.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை 950ஆம் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்று வகுக்கிறது. உழை என்றால் பக்கம். உரையாசிரியர்கள் உழைச்செல்வானை மருந்தளித்துப் பணிவிடை செய்பவராகக் கொள்கிறார்கள். மருந்து கையில் இல்லாமலும் பக்கத்தில் செல்பவரை அப்பெயரால் அழைக்கலாம் என்பது என் சொந்த விருப்பம். நோயாளியிடம் அந்தச் சொல்லையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. “உங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன்” என்றால் போதும்.

பிப்ரவரி 9

குரல் நன்றாக இருக்கும் என்று ஐயா எழுதியது நான்கு நாட்களாக என் மனத்தில் நிற்கிறது. நானும் குரலை நம்பித்தான் தொடங்கினேன். இதுவரை பொதுவில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். இந்த இழையில் வரும் நோயாளிகள் அனைவரின் வயது, ஊர், நோய் ஆகியவற்றை மாற்றியே எழுதுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படியே எழுதப் பழகுங்கள்.

முதல் ஆண்டில், பெண்கள் வார்டில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா இருந்தார். அவருடைய கட்டிலருகே இருந்த சிறிய அலமாரியின் மேல் ஒரு முருகன் படமும் திருநீற்று டப்பாவும் இருந்தன. அவற்றைப் பார்த்தவுடன், அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், மெல்லிய குரலில் சிவபுராணத்தைத் தொடங்கிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. பக்தியில் கண்ணீர் விடுகிறார் என்று எண்ணிக்கொண்டு 95 அடிகளையும் பாடி முடித்தேன். எதிர்க்கட்டிலில் இருந்த பாட்டி கைகூப்பினார். அன்று வீடு திரும்பும்போது எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

அடுத்த வாரம் போனபோது மிஸ்ஸி (செவிலியர்) என்னை வராந்தாவிலேயே நிறுத்தினார். அந்த அம்மாவின் ஒரே மகன் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்திருக்கிறான். வீட்டு வாசலில் உடலைக் கிடத்தி, எல்லாரும் சூழ்ந்து நின்று பாடியதும் சிவபுராணம்தான். அன்றிலிருந்து அவர் கோயில் படியை மிதித்ததில்லை. முருகன் படமும் திருநீறும் நாத்தனார் கொண்டுவந்து வைத்தவை. இன்னொன்றும் யோசியுங்கள்: இந்த நாட்டில் துக்க வீடுகளில் சிவபுராணம் கேட்டே வளர்ந்த ஒருவர், தாம் படுத்திருக்கும் கட்டிலருகே அதைக் கேட்டால், தம் நிலைமை என்ன என்று நினைப்பார்?

அவர் என்னை மறுபடியும் பார்க்க விரும்பவில்லை. அப்போது நான் படித்திருந்த ஒரே செய்தி, மரணத்தை எதிர்கொள்பவர்கள் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகளைக் கடப்பார்கள் என்பது. அவர் கோபப் படியில் இருக்கிறார், அது கடந்ததும் என்னை ஏற்பார் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரி 14

பயிற்சி எப்படி இருக்கும் என்று பலர் கேட்கிறீர்கள். கல்லூரி வகுப்பைப்போல் கற்பனை செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920இல் மனம் முற்றிலும் குலைந்து மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். உள்ளே இருந்தபோது, தம்மையும் தம்மைச் சுற்றி இருந்தவர்களையும் பார்த்து, இவர்கள் அனுபவிப்பது நோய் மட்டுமன்று, ஆன்மாவின் போராட்டமும்கூட என்ற முடிவுக்கு வந்தார். குணமாகி வெளியே வந்து, 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்மிகத் துணையாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கே அழைத்து வந்து நோயாளிகளிடையே வேலை செய்ய வைத்தார். மனிதர்களையே உயிருள்ள ஏடுகளாக வைத்துப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்று மருத்துவமனை ஆன்மிகப் பயிற்சி என்று உலகெங்கும் நடப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்க முறையில் ஓர் அலகு என்பது குறைந்தது 400 மணி நேரம். அதன் பெரும்பகுதி வார்டில் கழியும், மீதி நேரத்தில் சிறு குழுவாக உட்கார்ந்து வழிகாட்டி முன்னிலையில் அவரவர் செய்ததை அலசுவார்கள்.

அலசுவதற்கான கருவியை 1930களில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வளர்த்தெடுத்தவர் ரஸ்ஸல் டிக்ஸ். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும், நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்ப்பது அது. பதிவுக் கருவியை அறைக்குள் கொண்டு போகக் கூடாது, நினைவு மட்டும்தான். எது மறந்துபோனது என்பதும் பாடத்தில் சேரும். எங்கள் குழு ‘உரையாடல் ஏடு’ என்று அதைச் சொல்லிக்கொள்கிறது. நாங்கள் நான்கு பேர், மாதம் இருமுறை, ஜெலுத்தோங்கில் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஓய்வு பெற்ற மருத்துவமனை ஆலோசகர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டுகிறார்.

பிப்ரவரி 16

உரையாடல் ஏடு எப்படி இருக்கும் என்று காட்டாமல் விட்டுவிட்டேன். பழையது ஒன்றின் நடுப்பகுதி இது. பேசியது பேச்சுத் தமிழிலேயே இருக்க வேண்டும். திருத்தி எழுதினால் பயனில்லை. ந என்பது நான், அ என்பது நான் பார்த்த வேறோர் அம்மா.

ந1: வணக்கம்மா. உக்காரலாமா?
அ1: (சன்னல் பக்கம் பார்த்தபடி) உக்காரு. நாற்காலி காலு ஆடும், பாத்து.
ந2: இன்னைக்கி எப்படி இருக்கீங்க?
அ2: அப்படியேதான். மகன் வரேன்னான். ஃபெரி லேட்டா இருக்கும்.
ந3: கண்டிப்பா வருவாரும்மா, கவலப்படாதீங்க.
அ3: (பேசவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.)
ந4: சாப்டீங்களா?
அ4: ம்.

இதைக் குழுவில் படித்தபோது, ந3 மிக அன்பான சொல் என்றே நினைத்திருந்தேன். வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டார்: மகன் கண்டிப்பாக வருவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது; அதனால்தான் மகன் வராமல் போவதற்கான காரணத்தை, யாரும் கேட்பதற்கு முன்னரே, ஃபெரியின் மேல் போட்டார். அவர் கொஞ்சமாகத் திறந்த கதவை, எனக்கு அவருடைய துயரத்தைத் தாங்கும் திடம் இல்லாததால், ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லிச் சாத்திவிட்டேன். பிறகு ந4இல் சாப்பாட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். இப்போது அதே இடத்தில் இருந்தால், “மகன எதிர்பார்த்துக்கிட்டு இருக்கீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, போர்வை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த எட்டு வரிகளை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எழுதாமல் இருந்திருந்தால், அன்று நன்றாகப் பேசிவிட்டு வந்தேன் என்றே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 22

மனநலத் துறையில் பணியாற்றும் வாசகி ஒருவர் பிப்ரவரி 9 குறிப்பைத் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. ஐந்து நிலைகளை 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ். தாம் இறக்கப்போவதை அறிந்த நோயாளிகளோடு பேசி அதை எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் துக்கம் அனைத்துக்கும் உரிய ஏணிபோல் ஆக்கிவிட்டார்கள். எல்லாரும் எல்லா நிலைகளையும் கடப்பதில்லை; வரிசையாகவும் வருவதில்லை; காலையில் ஏற்றுக்கொண்டவர் மாலையில் மறுப்பார். ‘படி’ என்று நான் எழுதியதே தவறு.

அந்த அம்மாவின் கோபம் எந்த நிலையையும் சேர்ந்ததன்று என்பதையும் இதோடு சொல்ல வேண்டும். கேட்காமல் பாடிய ஒருத்தியின் மேல் வந்த, முழுக்க நியாயமான கோபம் அது. அதற்கு ஒரு பெயரைக் கொடுத்து, என் பிழையை அவருடைய நோயின் கணக்கில் எழுதிவிட்டேன்.

மார்ச் 3

ஆன்மிகத் தேவையை அறிய மருத்துவர்கள் கைக்கொள்ளும் கேள்விமுறைகள் சில உண்டு. கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற மருத்துவர் 1996இல் சிலரோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஃபைக்கா’ பெரிதும் வழக்கில் இருப்பது. உங்களுக்கு நம்பிக்கை உண்டா, அது உங்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம், உங்களைத் தாங்கும் சமூகம் எது, இவற்றை உங்கள் சிகிச்சையில் நாங்கள் எப்படிக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்ற நான்கும் அதன் அடிப்படை.

இதை அப்படியே தமிழில் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைச் செய்பவர்கள் அனைவரும் இந்தக் கல்லில் இடறுகிறார்கள். புற்றுநோய் முற்றிய ஒருவரிடம் போய், “உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். கடவுள் நம்பிக்கையைக் கேட்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். பிழைப்பேன் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்றுதான் அவர் காதில் விழும். என் குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டபோது, நோயாளி உடனே மனைவியைக் கூப்பிட்டு, “டாக்டர் எதாச்சும் சொன்னாரா?” என்று பதறியிருக்கிறார். தமிழில் அந்த ஒரே சொல் சமயப் பற்றையும், எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பையும், ஒருவர்மேல் வைக்கும் உறுதியையும் சேர்த்துச் சுமக்கிறது.

‘சமூகம்’ என்ற சொல்லும் அப்படித்தான். நம்மவர்களில் மூத்தவர்கள் பலருக்கு அது சாதியைக் கேட்பதுபோல் ஒலிக்கும். தோட்டத்தில் வளர்ந்து, மற்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக் காயப்படுத்தியதை மறக்காத ஒரு தாத்தா, நான் கேட்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். நான் கேட்க நினைத்தது அவரைப் பார்க்க யார் வருவார்கள் என்பதைத்தான்.

மார்ச் 4

அப்படியானால் எப்படிக் கேட்பது என்கிறீர்கள். நான் கேட்பவை இவை. மனசுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? ராத்திரி தூக்கம் வராதபோது யாரை நினைத்துக்கொள்வீர்கள்? முன்பு இதைவிடக் கஷ்டமான காலம் ஒன்று இருந்திருக்குமே, அதை எப்படித் தாண்டினீர்கள்? கடைசிக் கேள்விக்கு மூத்த பெண்கள் பெரும்பாலும் பிள்ளைகளைச் சொல்வார்கள், அடுத்தபடியாக மாரியம்மனை. ஒருவர் மட்டும் தாம் பால் வெட்டிய ரப்பர் மரங்களைச் சொன்னார். விடியுமுன் வரிசையில் நடக்கும்போது வேறு எந்த நினைப்பும் வராதாம்.

ஒரே சந்திப்பில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். ஒன்று போதும்.

மார்ச் 11

எல்லைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் இந்த நாட்டில் வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

மலேசியாவில் ‘கவுன்சிலர்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளவோ அவ்வாறு தொழில் செய்யவோ, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு வேண்டும். பதிவு பெறாத நாம் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே கூடாது. நோயாளியின் உறவினர் ‘கவுன்சிலிங் செய்ய வந்திருக்கிறார்’ என்று அறிமுகப்படுத்தினால், அங்கேயே பணிவாகத் திருத்துங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, இஸ்லாமியரிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் யாரிடமும் எந்தச் சமயத்தையும் பரப்ப நாம் போகவில்லை. பினாங்கில் தமிழ் பேசும் இஸ்லாமியர் நிறையப் பேர் இருக்கிறார்கள். மொழி ஒன்று என்பதாலேயே அவர்கள் நம்மிடம் மனம் திறப்பார்கள். பேசுங்கள், கேளுங்கள், தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். தொழுகை, இறுதி நேரத்துக் கலிமா போன்றவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், அது குடும்பத்தாருக்கும் உஸ்தாஸுக்கும் உரியது. மிஸ்ஸியிடம் சொல்லி அவரை வரவழைப்பதே நம் வேலை.

‘அம்மாவிடம் நோயைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள்’ என்று பிள்ளைகள் வராந்தாவில் நம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நோயை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு, ஆகவே நாம் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அம்மா நம்மைக் கேட்டால் பொய்யும் சொல்லக் கூடாது. “நானாகச் சொல்ல மாட்டேன், அம்மா கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்பேன், ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவக் குழுவிடம் சொல்லப்போவதை அவரிடமே சொல்லிவிட்டு, அவரைத் தனியாக விடாமல், உடனே சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் போய்விடும் என்ற பழைய பயம் இன்னும் பலருக்கு இருப்பதால், இதை எடுத்துச் சொல்வதும் உதவும்.

மார்ச் 24

“என்ன பாவம் செஞ்சேனோ.” தமிழ் நோயாளிகளிடம் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். இதற்கு ஒரு பதிலை யாராவது எழுதித் தருவார்களா என்று முதல் இரண்டு ஆண்டுகள் தேடினேன்.

அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தால், அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எல்லாம் முன்வினை என்று ஆமோதித்தால், நோயோடு குற்றத்தையும் அவர் தலையில் ஏற்றியவர்கள் ஆகிவிடுவோம். கடவுள் சோதிக்கிறார் என்று சொன்ன ஒருவரிடம், “இன்னும் எத்தன சோதன?” என்று ஒரு தாய் கேட்டது எனக்குத் தெரியும்.

சில வேளைகளில் அது களைப்பில் விடும் பெருமூச்சு மட்டும்தான், பதிலே வேண்டியதில்லை. சில வேளைகளில் உள்ளே உண்மையாகவே ஒன்று இருக்கும். “எத நெனச்சுச் சொல்றீங்க?” என்று கேட்டால் எது என்பது தெரிந்துவிடும். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்த ஒருவர், அந்தக் கேள்விக்கு நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா இறந்த வீட்டில் சொத்துச் சண்டையில் தம்பியைச் செருப்பால் அடித்ததைச் சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. தம்பியின் பெயரை மட்டும் இருமுறை சொன்னார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. குழுவிலும் இரண்டு பேர் ஆம் என்றார்கள், ஒருவர் இல்லை என்றார்.

ஏப்ரல் 7

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். பாடாதீர்கள், ஆறுதல் சொல்லாதீர்கள், பதில் தராதீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். புதிதாக வருபவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடும். அதுவும் தவறு. வாய் திறக்காமல் இருப்பதில் கைவிடுவதும் உண்டு.

நான் மௌனத்தைக் கற்றுக்கொண்ட புதிதில், எண்பது வயதுப் பாட்டி ஒருவரின் அருகே இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மிகச் சரியாகச் செய்கிறேன் என்ற நிறைவோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே, “ஏம்மா, ஒனக்கு ஒன்னும் பாடத் தெரியாதா? இப்படி உம்முன்னு ஒக்காந்திருக்கே” என்றார். என்ன பாடட்டும் என்று கேட்டேன். சிவபுராணம் என்றார். எனக்கு உடனே பழைய அம்மாவின் தோள்கள் கண்முன் வந்தன. வேறு ஏதாவது பாடட்டுமா, இது துக்க வீட்டில் பாடுவதாயிற்றே என்றேன். “எனக்குத் தெரியாதா? அதான் கேக்குறேன். அப்ப எனக்குக் காது கேக்காதில்ல” என்றார்.

பாடினேன். நடுவில் இரண்டு இடங்களில் அடியைத் திருத்தினார். கை என் மணிக்கட்டின் மேல் இருந்தது. டிரிப் ஊசிக்காக ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரம் என் தோலில் உரசிக்கொண்டே இருந்தது.

ஆகவே ஐயா, உங்கள் குரலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிப்ரவரி 9 அன்று நான் எழுதியதில் பாட்டின்மேல் குற்றம் ஏதும் இல்லை. முதல் நாள் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 8

தம் ஊரில் எங்கே தொடங்குவது என்று கேட்ட கோலாலம்பூர் வாசகருக்கு: உங்கள் பகுதியில் 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா இருக்கிறது, வீடு தேடிப்போய் வலிதணிப்புச் சிகிச்சை தரும் அமைப்பு. ஆன்மிகத் துணைக்கு என்றே போய் நிற்காமல், எந்தத் தன்னார்வப் பணி தந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக அணுகுங்கள். நான் முதல் ஆறு மாதம் மருந்துப் பெட்டிகளை அடுக்கினேன், நோயாளிகளை வண்டியில் ஏற்றி இறக்கினேன். மருத்துவமனைக்குப் போகும் வழியில் வண்டிக்குள் பேசியவர்கள், கட்டிலில் படுத்தபடி பேசியவர்களைவிட அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

லண்டனில், மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கிய போதகர் சாட் வாரா, தம்மிடம் ஆலோசனை கேட்கக் காத்திருந்தவர்கள், தேநீர் கொடுத்து உபசரித்த தன்னார்வலர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பலர் தம்மைப் பார்க்காமலே நிம்மதியாகப் போனதைக் கவனித்து, 1954இல் அந்தப் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார்.

ஏப்ரல் 28

ஐயா தம் முதல் உரையாடல் ஏட்டைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறார். அவருடைய அனுமதியோடு, நோயாளியை அடையாளம் காட்டாமல், இரண்டு செய்திகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உட்காருவதற்கு முன் அனுமதி கேட்டிருக்கிறீர்கள்; அந்த அம்மா தலையசைத்த பிறகே நாற்காலியை இழுத்திருக்கிறீர்கள். அதைக் குறித்திருப்பதும் நல்லது. அவர் தம் மகளைப் பற்றிச் சொன்னபோது, உங்களுக்கு உங்கள் அண்ணன் நினைவு வந்து தொண்டை அடைத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டாமல் விட்டதற்கு நன்றி. அண்ணன் போய் ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. நீங்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போவதற்கு முன் நாம் இருவரும் இதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அம்மா இறந்த பிறகு நானும் நான்கு மாதம் வார்டுக்குப் போகாமல் இருந்தேன்.

அடுத்தது, ஏழாவது வரி. “பிறகு சிறிது நேரம் பொதுவாகப் பேசினோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உள்ளே போனது ஐந்து மணிக்கு, வெளியே வந்தது ஐந்தே முக்காலுக்கு. எழுதியிருக்கும் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் வராது. மகளைப் பற்றிய பேச்சுக்கு அடுத்த வரியில் இந்தப் ‘பொதுவாக’ வருகிறது. அந்த அரை மணி நேரத்தில் அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், யார் பேச்சை மாற்றினார் என்று நினைவுக்கு வரும் அளவுக்கு எழுதுங்கள். மறந்த இடங்களில் கோடு போட்டு விடுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது. அந்த அம்மாவை வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், புதன்கிழமை மாலை வருகை நேரம் ஒன்று மீதம் இருக்கிறது.